ஆணித் தலைகளும் ஒரு வீட்டு வரைபடமும்: ஃபிரெட் ஹாம்ப்டன் கொலை வழக்கு

1969 டிசம்பர் 11 அன்று சிகாகோ டிரிப்யூன் நாளிதழில் ஒரு பிரத்யேகச் செய்தி வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, நகரின் மேற்குப் பகுதியில் ஒரு வீட்டில் போலீசார் விடியுமுன் நடத்திய சோதனையில் ஃபிரெட் ஹாம்ப்டன், மார்க் கிளார்க் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்கள் இறந்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள்தான் முதலில் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். அதை நம்பாதவர்கள் பெருகிக்கொண்டே போனதால், ஆதாரம் என்று சில புகைப்படங்களை அரசு வழக்கறிஞர் அலுவலகம் அந்தப் பத்திரிகைக்குக் கொடுத்தது. அவற்றில் ஒரு படத்தில் கதவு நிலையில் கரும்புள்ளிகள் தெரிந்தன. வீட்டுக்குள்ளிருந்து போலீசாரை நோக்கி வந்த குண்டுகள் துளைத்த ஓட்டைகள் அவை என்பது விளக்கம்.

போட்டிப் பத்திரிகையான சன்-டைம்ஸின் நிருபர்கள் அதே வீட்டுக்குப் போய், அதே கதவு நிலையைக் கிட்டப் பார்த்தார்கள். ஓட்டை எதுவும் இல்லை. அந்தக் கரும்புள்ளிகள் மரத்தில் அடித்திருந்த ஆணிகளின் தலைகள். மறுநாளே அது செய்தியாகிவிட்டது.

அமெரிக்க அரசியல் கொலைகள் என்றாலே பேச்சு டல்லாஸுக்கும் கென்னடிக்கும் போய்விடுகிறது. எத்தனை குண்டு, எந்தத் திசை என்று அறுபது வருடமாக வாதம் நடக்கிறது, முடிந்தபாடில்லை. ஃபிரெட் ஹாம்ப்டன் வழக்கு அப்படிப்பட்டதல்ல. இங்கே அதிகாரபூர்வக் கதை உடைந்தது. உடைத்ததில் அரசின் சொந்த ஆய்வகத்துக்கும், அரசின் சொந்தக் கோப்புகளுக்கும், ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் பங்கு உண்டு. ஒரு அரசுக் கதையைச் சந்தேகிப்பது எப்படி, அந்தச் சந்தேகத்தை எதுவரை கொண்டுபோகலாம் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இருபத்தொரு வயது

ஹாம்ப்டன் பிறந்தது 1948ல். வளர்ந்தது சிகாகோவை ஒட்டிய மேவுட் என்ற சிற்றூரில். பள்ளி நாட்களிலேயே கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் இளைஞர் பிரிவில் ஊர்ப் பிள்ளைகளைத் திரட்டியவர். கறுப்பினக் குழந்தைகள் நீந்த ஒரு நீச்சல் குளம் வேண்டும் என்று போராடியவர். 1968 இறுதியில் இல்லினாய் மாநிலத்தில் கறுப்பினத்தவரின் கருஞ்சிறுத்தைக் கட்சியின் (பிளாக் பாந்தர் பார்ட்டி) கிளை தொடங்கியபோது அதில் சேர்ந்தார். சீக்கிரமே அதன் தலைவரானார்.

கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கி வைத்திருந்தார்கள், புரட்சி பேசினார்கள். அதை மறைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதே கட்சிதான் காலையில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச உணவு போட்டது, மருத்துவ நிலையம் நடத்தியது. ஹாம்ப்டனின் தனித்திறமை வேறு ஒன்று. போர்த்தோரிக்கோ வம்சாவளியினரின் யங் லார்ட்ஸ், தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த ஏழை வெள்ளையர்களின் யங் பேட்ரியட்ஸ் ஆகிய அமைப்புகளைக் கருஞ்சிறுத்தைகளோடு ஒரே மேடையில் உட்கார வைத்தார். வானவில் கூட்டணி என்று அதற்குப் பெயர். இனவாரியாகப் பிரிந்து கிடந்த சிகாகோவில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்ட வெள்ளைக்கார இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளோடு ஒன்றாக நிற்பது யாரும் எதிர்பாராத காட்சி.

அவர் மேல் ஒரு வழக்கும் இருந்தது. 1968 கோடையில் மேவுடில் ஒரு ஐஸ்கிரீம் வண்டியிலிருந்து 71 டாலர் மதிப்புள்ள ஐஸ்கிரீமைப் பறித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். இரண்டிலிருந்து ஐந்து வருடச் சிறை என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டு ஜாமீனில் வெளியே வந்திருந்தவருக்கு, 1969 நவம்பர் கடைசியில் மாநில உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. எப்படியும் சில வாரங்களில் சிறைக்குப் போகவேண்டியவர். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் டிசம்பர் 4ஐப் பார்க்க வேண்டும்.

நகரத்தின் சூழலையும் சொல்லியாக வேண்டும். நவம்பர் 13 அன்று சிகாகோவில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில் இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு கருஞ்சிறுத்தை உறுப்பினரும் இறந்திருந்தார்கள். போலீசார் கொதித்துப்போயிருந்தார்கள். ஹாம்ப்டன் அந்தச் சமயம் ஊரில் இல்லை.

விடியுமுன்

முகவரி: 2337, மேற்கு மன்றோ தெரு. டிசம்பர் 4, வியாழக்கிழமை, அதிகாலை நாலரை மணிவாக்கு. உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். வெளியே பதினான்கு போலீஸ்காரர்கள். இவர்கள் சாதாரண காவல் நிலையப் போலீசார் அல்ல, சிகாகோ அடங்கிய குக் கவுண்டி மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் ஹன்ரஹானின் அலுவலகத்தோடு இணைக்கப்பட்ட படை. சார்ஜென்ட் டேனியல் க்ரோத் தலைமை. சட்டவிரோத ஆயுதங்களைத் தேடும் வாரன்ட் கையில் இருந்தது. ஷாட்கன்கள், கார்பைன் துப்பாக்கி, ஒரு தாம்சன் இயந்திரத் துப்பாக்கி என்று ஆயுதங்களும் இருந்தன. ஆயுதம் தேடப் போகிறவர்கள் வீட்டில் ஆளில்லாத நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குப் போவதாக ஒரு யோசனை இருந்து, அப்புறம்தான் அது விடியற்காலைக்கு மாறியது.

முன்னறையில், மடியில் ஷாட்கன்னோடு காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் மார்க் கிளார்க். பியோரியா நகரத்துக் கட்சித் தலைவர், வயது 22. முதலில் செத்தது அவர்தான். ஹாம்ப்டன் பின்பக்கப் படுக்கையறையில் இருந்தார். பக்கத்தில் அவருடைய காதலி டெபோரா ஜான்சன், எட்டரை மாதக் கர்ப்பிணி. பின்னாளில் அவர் தன் பெயரை அகுவா ஞெரி என்று மாற்றிக்கொண்டார்.

ஹன்ரஹான் அன்று காலையே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். மேசைமேல் கைப்பற்றிய துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் பரப்பி வைத்திருந்தார். போலீசார் தங்களை அறிவித்தவுடனேயே உள்ளேயிருந்து சுடத் தொடங்கினார்கள், க்ரோத் பலமுறை சண்டையை நிறுத்தச் சொன்னார், ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்தவர்கள் மறுபடி சுட்டார்கள், இது அந்தக் கட்சியின் கொடூரத்தைக் காட்டுகிறது என்றார். உயிர் பிழைத்த ஏழு பேர்மேலும் கொலை முயற்சி வழக்கு பாய்ந்தது. அவர்களில் நான்கு பேர் குண்டடி பட்டவர்கள்.

பிழைத்தவர்கள் சொன்னது வேறு. தூக்கத்தில் இருந்தோம், சுட்டுக்கொண்டே வந்தார்கள் என்றார்கள். டெபோரா ஜான்சனின் வாக்குமூலம்தான் இன்றுவரை இந்த வழக்கின் நடுநாயகம். பக்கத்தில் படுத்திருந்த ஹாம்ப்டனை வீட்டில் இருந்தவர்கள் எழுப்பப் பார்த்தார்கள், அவர் தலையை மட்டும் லேசாகத் தூக்கினார், எழவில்லை. சுடுவது ஓய்ந்ததும் போலீசார் ஜான்சனை அறையை விட்டு வெளியே இழுத்துச் சமையலறைப் பக்கம் நிறுத்தினார்கள். அப்புறம் படுக்கையறையில் ஆண் குரல்கள், மறுபடி துப்பாக்கிச் சத்தம், "இப்போது நன்றாகவே செத்துவிட்டான்" என்று ஒருவர் சொல்வது. இது அவர் சொன்னது. போலீசார் இதை மறுத்தார்கள். ஹாம்ப்டனின் தலையில் இரண்டு குண்டுகள் பாய்ந்திருந்தன என்பதில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை.

பூட்டாத வீடு

இந்த இடத்தில்தான் வழக்கு திரும்புகிறது. போலீசார் உடல்களை எடுத்துப் போனார்கள், துப்பாக்கிகளை எடுத்துப் போனார்கள், வீட்டைப் பூட்டி சீல் வைக்காமல் போய்விட்டார்கள். சண்டை நடந்ததாகச் சொன்னவர்கள் சண்டை நடந்த இடத்தைப் பாதுகாக்கவில்லை. ஆணவமா, அசட்டையா என்று எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும், உண்மைக்கு அது கிடைத்த ஒரே வாய்ப்பு.

சில மணி நேரத்தில் கட்சியின் வழக்கறிஞர்கள், வயதில் மிகச் சிறியவர்கள், உள்ளே போய்விட்டார்கள். ஒரு படப்பிடிப்புக் குழு கூடவே போனது. அறை அறையாகப் படம் எடுத்தார்கள். தரையில் கிடந்த தோட்டாக் கூடுகளைப் பொறுக்கினார்கள், எது எங்கே கிடந்தது என்று எழுதி வைத்தார்கள். முன்கதவின் பலகையையே கழற்றி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். காரணம், அந்தக் கதவில் இருந்த ஓட்டை வழியாகப் போன குண்டுதான் யார் எங்கே நின்று சுட்டார்கள் என்பதற்குச் சாட்சி.

கட்சியினர் வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு வாரம். டிசம்பர் குளிரில் மன்றோ தெருவில் வரிசை நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், சர்ச்சுக்குப் போகும் பாட்டிமார்கள், பத்திரிகைக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே நுழைந்து, ரத்தம் ஊறிய மெத்தையையும் சல்லடையான சுவரையும் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோருமே தடயவியல் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரிந்தது. ஓட்டைகள் எல்லாம் படுக்கையறைகளின் பக்கம்தான் இருந்தன. போலீசார் நுழைந்த முன்வாசல் பக்கச் சுவர் கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது. இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்ட சண்டை என்றால் இரண்டு பக்கச் சுவரிலும் தடம் இருக்க வேண்டுமே?

இந்த நெருக்கடியில்தான் ஹன்ரஹான் தரப்பு பத்திரிகைக்குப் படம் கொடுத்ததும், போலீசாரே தொலைக்காட்சிக்காக அந்த இரவை நடித்துக் காட்டியதும் நடந்தன. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதை இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

தோட்டாக் கூடுகள் சொன்னது

சிகாகோ போலீஸ் ஆய்வகத்தின் துப்பாக்கி நிபுணர் முதலில் ஒரு அறிக்கை தந்திருந்தார். வீட்டில் கிடைத்த இரண்டு ஷாட்கன் தோட்டாக் கூடுகள், உள்ளே இருந்த ஒரு இளம்பெண்ணின் துப்பாக்கியிலிருந்து வெளியேறியவை என்றது அது. அந்தப் பெண்தான் முதலில் சுட்டார் என்ற போலீஸ் கதைக்கு இது தூண். ஒரு கூட்டின் அடியில் சுத்தியல் ஊசி பதித்த தடம் இருக்கும், அது துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். சந்தேகப்படும் துப்பாக்கிகள் அனைத்திலும் சுட்டுப் பார்த்து ஒப்பிட்டால்தான் பொருத்தம் என்று சொல்ல முடியும். இங்கே கருஞ்சிறுத்தைகளின் துப்பாக்கிகள் ஆய்வகத்துக்குப் போயின. போலீசாரின் துப்பாக்கிகள் ஒப்பிடுவதற்கு முறையாக வந்து சேரவில்லை.

எஃப்.பி.ஐ.யின் நிபுணர் எல்லாத் துப்பாக்கிகளையும் வாங்கிச் சோதித்தபோது, அந்த இரண்டு கூடுகளும் ஒரு போலீஸ்காரரின் ஷாட்கன்னிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. தூண் சாய்ந்தது.

1970 மே மாதம் ஃபெடரல் கிராண்ட் ஜூரியின் அறிக்கை வெளியானது. குற்றம் சாட்டப் போதுமான முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்கும் குடிமக்கள் குழு அது. போலீசார் சுட்டவை 82க்கும் 99க்கும் இடையில். உள்ளேயிருந்து சுடப்பட்டதாக உறுதிசெய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. அதுவும் மார்க் கிளார்க்கின் துப்பாக்கியிலிருந்து. அவர் குண்டு பட்டு விழும்போது விரல் இழுத்துக்கொண்டதால் வெடித்திருக்கலாம் என்பது பிழைத்தவர்கள் தரப்பின் விளக்கம். முதல் குண்டு அதுதானா, இல்லையா என்பதில் கடைசிவரை வாதம் உண்டு. ஆனால் "பலமுறை சண்டையை நிறுத்தினோம், ஒவ்வொரு முறையும் அவர்கள் மறுபடி சுட்டார்கள்" என்ற வாக்கியத்துக்கு ஒரு குண்டு போதாது. அந்தக் கதை அங்கேயே முடிந்தது. ஏழு பேர்மேலிருந்த வழக்கும் அதே மாதம் வாபஸ் ஆனது.

சிகாகோ போலீசின் உள்விசாரணையையும் அந்த அறிக்கை கடுமையாகச் சாடியது. சோதனைக்குப் போன போலீஸ்காரர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகளையும், சொல்லவேண்டிய பதில்களையும் முன்கூட்டியே தயாரித்துக் கையில் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பெயர் விசாரணையாம்.

இத்தனையும் கண்டுபிடித்த அதே குழு யார்மேலும் குற்றம் சாட்டவில்லை. பிழைத்தவர்கள் தங்கள் முன் சாட்சி சொல்ல மறுத்தார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். கொலை முயற்சி வழக்கு தலைமேல் தொங்கும்போது எந்த வழக்கறிஞர் தன் கட்சிக்காரரைப் பேசச் சொல்வார்? உண்மையைக் கண்டுபிடித்த பிறகு அதன் விளைவை மட்டும் தவிர்த்துவிட்ட இந்த முடிவுதான், என்னைப் பொறுத்தவரை, முழு வழக்கிலும் மிகவும் வலிக்கிற இடம்.

அப்புறம் மாநில அளவில் ஒரு சிறப்பு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார், பார்னபஸ் சியர்ஸ். அவர் பிடிவாதமானவர். 1971ல் ஹன்ரஹான் உட்பட 14 பேர்மேல் நீதியைத் தடுத்ததாகக் குற்றச்சாட்டு வந்தது. கொலைக் குற்றச்சாட்டு கிடையாது. 1972 அக்டோபரில் நீதிபதி எல்லோரையும் விடுவித்தார். அடுத்த மாதத் தேர்தலில் ஹன்ரஹான் தோற்றார். மேயர் டேலிக்குப் பிறகு இவர்தான் என்று பேசப்பட்டவர். கறுப்பின வாக்காளர்கள் பெருந்திரளாக எதிர்க்கட்சி வேட்பாளருக்கு வாக்களித்தார்கள். நீதிமன்றம் கொடுக்காத தண்டனையில் ஒரு சிறு பங்கை அவர்கள் கொடுத்தார்கள்.

உள்ளே இருந்த ஆள்

இதுவரை பார்த்தது ஒரு உள்ளூர்ப் போலீஸ் படையின் அராஜகம். வழக்கின் அடுத்த பாதி, சந்தேகப்பட்டவர்கள்கூட முதலில் முழுதாக ஊகிக்காதது.

1971 மார்ச் 8 இரவு, பென்சில்வேனியா மாநிலத்தின் மீடியா என்ற சின்ன ஊரில் இருந்த எஃப்.பி.ஐ. கிளை அலுவலகத்தின் பூட்டை உடைத்துச் சில சமாதான ஆர்வலர்கள் உள்ளே போனார்கள். முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய இரவு அது. ஊரே வானொலிக்குக் காது கொடுத்திருந்தது. அவர்கள் அள்ளிக்கொண்டு வந்த கோப்புகளில் ஒன்றில் கோஇன்டெல்ப்ரோ என்ற சொல் இருந்தது. அரசியல் இயக்கங்களை உளவு பார்ப்பதோடு நிற்காமல், அவற்றை உள்ளிருந்து குலைப்பதற்கு எஃப்.பி.ஐ. நடத்திய ரகசியத் திட்டம். அந்த நூல் பிடித்துப் போனதில், பின்னாளில் உளவு அமைப்புகளை விசாரித்த செனட் குழுவான (செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான) சர்ச் கமிட்டி வரை விஷயம் வெளியே வந்தது.

1968 மார்ச் தேதியிட்ட ஒரு குறிப்பு, கறுப்பின இயக்கத்தை ஒன்றுதிரட்டக்கூடிய "மீட்பர்" ஒருவர் எழாமல் தடுக்க வேண்டும் என்கிறது. அந்தக் குறிப்பில் மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் இருக்கிறது. ஒரு மாதத்தில் கிங் கொல்லப்பட்டார். இரண்டையும் முடிச்சுப் போடுபவர்கள் நிறையப் பேர். தேதிகள் அடுத்தடுத்து வருவது மட்டும் ஆதாரம் ஆகாது. ஹாம்ப்டன் பெயர் அதில் இல்லை, அப்போது அவரை மேவுடுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது.

ஹாம்ப்டன் விஷயத்தில் ஊகம் தேவையே இல்லை, காகிதம் இருக்கிறது. 1969 ஜனவரியில் பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ் என்ற சிகாகோ கும்பலின் தலைவர் ஜெஃப் ஃபோர்ட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் அனுப்ப எஃப்.பி.ஐ. தலைமையகம் அனுமதி தந்தது. கருஞ்சிறுத்தைகள் உன்னைத் தீர்த்துக்கட்ட ஆள் வைத்திருக்கிறார்கள், உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும் என்பது கடிதத்தின் சாரம். அதற்கான அலுவலகக் குறிப்பு இன்னும் மோசம். இதே போன்ற கடிதத்தைக் கருஞ்சிறுத்தைகளுக்கு அனுப்புவதில் அவ்வளவு பலன் இருக்காது, ஏனென்றால் ரேஞ்சர்ஸ் அளவுக்கு அவர்கள் வன்முறையில் இறங்குகிறவர்கள் அல்ல என்று எழுதியிருக்கிறார்கள். நாட்டின் பாதுகாப்புக்கே பெரிய ஆபத்து என்று எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர் மேடையில் சொன்ன கட்சியைப் பற்றி அவருடைய ஆட்களே உள்ளுக்குள் எழுதியது இது.

அடுத்த காகிதம் வில்லியம் ஓநீல் சம்பந்தப்பட்டது. பதின்ம வயதில் கார் திருட்டில் மாட்டிக்கொண்டவர். ராய் மிட்சல் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரி, வழக்கிலிருந்து விடுபட ஒரு வழி இருக்கிறது என்றார். ஓநீல் கருஞ்சிறுத்தைக் கட்சியில் சேர்ந்தார், சிகாகோ கிளையின் பாதுகாப்புப் பொறுப்பாளராகவே ஆனார். தலைவரைப் பாதுகாக்க வேண்டியவர் மாதாமாதம் எஃப்.பி.ஐ.யிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். 1973ல் வேறொரு வழக்கில் சாட்சியாக வந்தபோதுதான் இது வெளியே தெரிந்தது.

1969 நவம்பரில் ஓநீல் தந்த தகவலை வைத்து மிட்சல் மன்றோ தெரு வீட்டின் வரைபடம் ஒன்றைத் தயாரித்தார். முன்னறை, இரண்டு படுக்கையறைகள், சமையலறை, எங்கே என்ன மேசை நாற்காலி என்று கட்டம் கட்டமாக இருக்கும் எளிய கோட்டுப்படம். அதில் ஹாம்ப்டனும் டெபோரா ஜான்சனும் எந்த அறையில் தூங்குவார்கள் என்பதும் குறிக்கப்பட்டிருந்தது, அந்தக் கட்டில் உட்பட. மிட்சல் முதலில் சிகாகோ போலீசாரிடம் போனார். அவர்கள் சோதனைக்குத் தயாராகி, அப்புறம் கைவிட்டார்கள். பிறகு ஹன்ரஹானின் உதவியாளரிடம் போனார். அங்கே வேலை நடந்தது. ஆயுதம் தேடுகிறவர்களுக்கு ஆயுதம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். யார் எந்தக் கட்டிலில் படுப்பார் என்பது எதற்கு? போலீஸ்காரர்களின் பாதுகாப்புக்காக என்று சொல்ல முடியும், அப்படித்தான் சொன்னார்கள். முன்னறையிலிருந்து இயந்திரத் துப்பாக்கி சுவரைத் துளைத்துச் சுட்டதும், அந்தக் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் குண்டுகள் போய்ச் சேர்ந்ததும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

சோதனை முடிந்த சில நாட்களிலேயே சிகாகோ எஃப்.பி.ஐ. அலுவலகம் தலைமையகத்துக்கு எழுதியது. சோதனை வெற்றியானதற்கு எங்கள் ஆள் தந்த தகவலே காரணம், வேறு எங்கும் கிடைக்காத தகவல், அவருக்குச் சிறப்பு ஊதியம் தரவேண்டும். டிசம்பர் முடிவதற்குள் தலைமையகம் ஒப்புக்கொண்டது. 300 டாலர்.

பதினெட்டு மாத விசாரணை

இந்தக் காகிதங்கள் தானாக வெளியே வரவில்லை. இறந்த இருவரின் குடும்பத்தாரும் பிழைத்த ஏழு பேரும் போட்ட சிவில் வழக்கில்தான் வந்தன. 1976 ஜனவரியில் தொடங்கிய விசாரணை 1977 ஜூன் வரை போனது. நீதிபதி ஜோசப் சாம் பெரி, எண்பது வயதை ஒட்டியவர். வாதி தரப்பு வழக்கறிஞர்களை நீதிமன்ற அவமதிப்பில் தண்டிக்கும் அளவுக்கு அவர்கள்மேல் வெறுப்பு காட்டினார். எஃப்.பி.ஐ. எல்லா ஆவணங்களையும் கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தது. மிட்சல் கூண்டில் நின்று சாட்சி சொல்லும்போது, யாருக்கும் தரப்படாத ஒரு ஆவணத்தைப் பற்றி வாய்தவறிச் சொல்லிவிட்டார். தோண்டிப் பார்த்தால், கிட்டத்தட்ட 200 தொகுதிகள் உள்ளே கிடந்தன. விசாரணை பாதி நடந்துகொண்டிருக்கும்போது பெட்டி பெட்டியாக வந்த கோப்புகளை இரவில் படித்துப் பகலில் குறுக்கு விசாரணை செய்யவேண்டிய நிலைமை. சிறப்பு ஊதியக் குறிப்பு அப்படி வந்து சேர்ந்ததுதான்.

முடிவில் பெரி, வாதிகளுக்கு எதிராக வழக்கைத் தள்ளினார். 1979ல் ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைப் புரட்டிப்போட்டது. மத்திய, மாநில அதிகாரிகள் சேர்ந்து சதி செய்ததற்கான சான்றுகள் ஜூரி முன் வைக்கப் போதுமான அளவு இருக்கின்றன, எஃப்.பி.ஐ. தரப்பு ஆவணங்களை மறைத்து நீதி நடைமுறைக்கு இடையூறு செய்தது, புதிய விசாரணை நடக்க வேண்டும் என்றது. புதிய விசாரணை நடக்கவில்லை. 1982ல் மத்திய அரசும் குக் கவுண்டியும் சிகாகோ நகரமும் மூன்றில் ஒரு பங்கு வீதம் 18.5 லட்சம் டாலர் கொடுத்து சமரசத்துக்கு வந்தன. தவறை ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை என்றும் சொல்லிக்கொண்டன.

நிற்பது எது, நிற்காதது எது

இந்த வழக்கைச் சுற்றி நிறையக் கதைகள் உண்டு. அவற்றைத் தரம் பிரிக்க வேண்டும். அதைச் செய்யாத சந்தேகம், ஆணித் தலையைக் குண்டு ஓட்டை என்று காட்டிய ஹன்ரஹான் தரப்பைவிட உயர்ந்தது ஆகாது.

ஹாம்ப்டன் அன்று இரவு மயக்க மருந்தால் எழமுடியாமல் கிடந்தார், ஓநீல்தான் பானத்தில் கலந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. குடும்பத்தார் ஏற்பாடு செய்த பிரேதப் பரிசோதனையில் செகோபார்பிடால் என்ற தூக்க மருந்து இருப்பதாக முடிவு வந்தது உண்மை. மத்திய அரசு நடத்திய பரிசோதனையில் எதுவும் இல்லை என்று வந்ததும் உண்மை. ஓநீல் மறுத்தார். ஹாம்ப்டன் எழவில்லை என்பதற்கு டெபோரா ஜான்சனின் சாட்சியம் இருக்கிறது, கலந்தது யார் என்பதற்கு எதுவும் இல்லை. இதை நான் நிரூபணமான பக்கம் வைக்கமாட்டேன்.

அந்த நாட்களில் கட்சியின் வழக்கறிஞர் ஒருவர், போலீசார் இதுவரை 28 கருஞ்சிறுத்தைகளைக் கொன்றிருக்கிறார்கள் என்றார். பத்திரிகைகள் அந்த எண்ணை அப்படியே போட்டன. 1971ல் ஒரு பத்திரிகையாளர் ஒவ்வொரு சாவையும் தனித்தனியாகச் சரிபார்த்தபோது கணக்கு நிற்கவில்லை. பலவற்றில் போலீசுக்குச் சம்பந்தமே இல்லை. இந்த ஊதிப் பெருக்கிய எண், உண்மையான கொலைகளை மறுக்க நினைத்தவர்களுக்குத்தான் உதவியது.

நிற்பது எது? இருதரப்புச் சண்டை என்பது பொய். கொலை முயற்சி வழக்குக்கு அடிப்படையான தடயவியல் அறிக்கை தவறு. உள்விசாரணை நாடகம். படுக்கையைக் குறித்த வரைபடம் எஃப்.பி.ஐ.யிடமிருந்து போனது. அதற்குப் பணம் கொடுக்கப்பட்டது. இந்தத் தொடர்பு வருடக்கணக்கில் நீதிமன்றத்திடமிருந்து மறைக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றுக்கும் காகிதமோ பொருளோ இருக்கிறது.

கொல்லவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததா? அப்படி ஒரு எழுத்து இதுவரை கிடைக்கவில்லை. ஹாம்ப்டனின் தோழரும் பின்னாளில் முப்பது வருடம் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவருமான பாபி ரஷ், இதை முதல் நாளிலிருந்தே படுகொலை என்றுதான் சொல்லி வந்தார். என் முடிவும் அதுதான், ஆனால் இது கிடைத்த சான்றுகளிலிருந்து நான் எடுக்கும் முடிவு, நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. சில வாரத்தில் சிறைக்குப் போகப்போகிற ஒருவரின் வீட்டுக்கு, அவர் எந்தக் கட்டிலில் தூங்குவார் என்று தெரிந்துகொண்டு, இயந்திரத் துப்பாக்கியோடு நாலரை மணிக்குப் போனவர்கள், அவரைக் கைது செய்யத்தான் போனார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஓநீல் 1990 ஜனவரியில் ஒரு நெடுஞ்சாலையில் கார் மோதி இறந்தார், தற்கொலை என்று முடிவானது. ஹன்ரஹான் 2009ல் காலமானார், சாகும்வரை மன்னிப்புக் கேட்கவில்லை. டெபோரா ஜான்சனுக்கு அந்த டிசம்பர் முடிவதற்குள் பிறந்த மகனுக்கு ஃபிரெட் ஹாம்ப்டன் ஜூனியர் என்று பெயர். தந்தையின் நினைவை இன்றும் பொதுவெளியில் பேசிவருகிறார். பதினான்கு போலீஸ்காரர்களில் ஒருவர்கூட ஒரு நாளும் சிறையில் இருக்கவில்லை. ஹாம்ப்டனின் தலையில் பாய்ந்த அந்த இரண்டு குண்டுகளைச் சுட்டவர் யார் என்று எந்த நீதிமன்றமும் இதுவரை தீர்மானித்ததில்லை.